தண்டவாளம் இல்லாத ஊர்

சரீப் மாங்கேணிக்கு வந்து சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். சுவரில் ஏதோ பிழை, உடனே வரவேண்டும் என்று அருமைநாயகம் ஆள் அனுப்பியிருந்தார். மேசன் வேலையில் இது வழமைதான். புதுச்சுவர் வெடிக்கும், பூச்சு உதிரும். ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வழியெல்லாம் எவ்வளவு சீமெந்து தேவைப்படும் என்றுதான் அவன் யோசித்துக்கொண்டு வந்தான்.

அந்த வீட்டை அவன் கட்டி முடித்து அதிக காலமாகவில்லை. சுனாமியில் பழைய வீட்டையும் மனைவியையும் பறிகொடுத்தவர் அருமைநாயகம். பிறகு சண்டையில் முகாம் முகாமாக அலைந்து, சண்டை முடிந்த வருடம் மகள் விதுர்ஷாவோடு அதே வளவுக்குத் திரும்பி வந்திருந்தார். அந்தப் பெண்பிள்ளைக்கு எட்டு வயது. சரீப்பைக் கண்டால் "மேசன் மாமா" என்று ஓடி வருவாள்.

அன்று அவள் ஓடி வரவில்லை.

தகரக் கூரைக்குக் கீழே அடுப்பாய்க் காய வேண்டிய அறை, கிணற்றின் அடிபோலக் குளிர்ந்து கிடந்தது. நனைந்த பாறையின் வாடை. அதோடு கரிமருந்து எரிந்த வாடையும். சண்டைக்கால வெடிமணம் சரீப்புக்குத் தெரியும். இது வேறு. எங்கோ மூடிக் கிடந்து புளித்துப்போன புகை.

விதுர்ஷா பின்சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். விரலை மடக்கிச் சுவரில் தட்டினாள்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

சரீப் வெளியே ஓடிச் சுவரின் மறுபக்கம் பார்த்தான். வெறும் மணல். வெயில். ஒரு காகம்கூட இல்லை.

திரும்பி வந்தவனின் கையை அருமைநாயகம் இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, இந்தச் சுவருக்குள்ள என்ன வெச்சிருக்காய்?"

"ஒண்டுமில்ல அண்ணன். ஓரத்துக்குத் தூண் நிறுத்த மரம் கிடைக்கல்ல. காட்டில வெட்டவும் விடுறாங்கல்ல. வாவிக்கரைப் பக்கம் ஒரு பழைய பங்கர் இடிஞ்சு கிடந்துது. அதில ரெண்டு தண்டவாளம் இருந்துது. நல்ல பழைய இரும்பு. அதை நிறுத்தித்தான் பூசினன். நூறு வருசத்துக்கு அசையாது."

நன்மை செய்த எண்ணத்தில்தான் அவன் அதைச் சொன்னான். அருமைநாயகம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"எங்கட அப்பா எழுபத்தேழு கலவரத்தில மலையை விட்டு என்னைத் தோளில தூக்கிக்கொண்டு வந்தவர். எத்தினையோ ஊர் இருக்க, ஏன் மாங்கேணிக்கு வந்தவர் தெரியுமா? இங்க கோச்சி வராது. ரயில் கம்பி இல்ல. அலை வந்து பொஞ்சாதியைக் கொண்டு போன பிறகும் நான் இந்த இடத்தை விடாததுக்கு அதுதான் காரணம்."

அருமைநாயகத்தின் பூட்டன் மலையில் கோச்சிப்பாதை போட்ட காலத்துக் கங்காணி. சொந்த ஊரிலிருந்து தானே கூட்டிவந்த ஆட்களை வைத்து மலையைக் குடைந்தவர். ஒருநாள் வெடி வைத்ததில் சுரங்கத்தின் வாய் இடிந்து விழுந்தது. உள்ளே ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். கல்லில் தட்டுவது வெளியே கேட்டது. தோண்டி எடுக்க நாளாகும், மழைக்குமுன் பாதை போக வேண்டும், பக்கத்தால் வேறு துளை போடு என்றான் வெள்ளைக்காரத் துரை. தட்டுகிற சத்தம் கேட்டால் மற்றவர்கள் வேலை செய்ய மாட்டார்கள். அதனால் கங்காணியே நின்று அந்த வாயைக் கல்லால் அடைத்துக் கட்டினார்.

"உள்ளுக்கிருந்து தட்டத் தட்ட, பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிடக் கட்டினவராம்," என்றார் அருமைநாயகம். "அவங்க வேற வழியால வர மாட்டாங்க தம்பி. இரும்பு போற இடத்துக்குத்தான் வருவாங்க. பூட்டன் செத்தது பாதையோரத்தில. அப்பாட அப்பா ஸ்டேஷனில. எங்கட சாதிசனத்தில படுக்கையில செத்த ஆம்பிளை இல்ல. சண்டையில கம்பியெல்லாம் கழட்டினாங்க எண்டு கேட்டு அப்பா சிரிச்சவர். அவர் சிரிச்சு நான் பாத்தது அண்டைக்குத்தான்."

"இப்பவே பிடுங்கிப் போடுவம்," என்று சரீப் அலவாங்கை எடுக்க முற்றத்துக்கு இறங்கினான்.

உள்ளே விதுர்ஷா யாருக்கோ மெதுவாகப் பதில் சொல்வது கேட்டது. "ஓம். கங்காணிட ஆக்கள்தான்."

அருமைநாயகத்தின் அலறல்.

சரீப் பாய்ந்து வந்தான். அறையில் அருமைநாயகம் மட்டும் நின்றார். அறைக்கு ஒரு வாசல்தான். அதால் யாரும் வெளியே வரவில்லை.

சுவருக்குள்ளிருந்து சின்ன விரலொன்று தட்டியது.

சரீப் அலவாங்கால் ஓங்கி ஓங்கிக் குத்தினான். பூச்சு உதிர்ந்தது, கல் உடைந்தது. அந்தப் பக்கத்து வெயில் ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது. இரண்டு பக்கமும் தெரிகிற உடைந்த சுவரில் ஒரு பூனைக்குட்டி ஒளியக்கூட இடமில்லை. ஆனால் தட்டும் சத்தம் நிற்கவில்லை. அது இப்போது இரும்புக்குள்ளிருந்து கேட்டது.

அயலட்டை கூடியது. பொலிஸ் வந்து கேள்வி கேட்டது, கிணற்றை இறைத்தது, கரையெல்லாம் தேடியது. அருமைநாயகம் எதற்கும் எழும்பவில்லை. தண்டவாளத்தைக் கட்டிப்பிடித்து, காதை அதில் ஒட்டிக்கொண்டு கிடந்தார். சரீப்பும் ஒருமுறை காதை வைத்தான்.

மிகத் தூரத்திலிருந்து அவள் பேசினாள்.

"அப்பா, இருட்டா இருக்கு."

"நான் இருக்கன் மகள். பயப்பிடாத. பேசிக்கொண்டே இரு."

"இங்க கனபேர் இருக்காங்க. என்னை ஒண்டும் செய்யல்ல. சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறாங்க."

மறுநாளும் பேசினாள். தண்ணீர் கேட்டாள். அருமைநாயகம் தண்ணீரை இரும்பில் ஊற்றினார். அது வழிந்து மணலில் சுவறியது.

மூன்றாம் நாள் அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. சரீப்புக்கு அது என்னவென்று உடனே விளங்கிவிட்டது. இருபது வருடமாகத் தன் கையால் எழுப்பிய சத்தம் அது. சாந்தகப்பை கல்லில் உரசும் சத்தம். சாந்தை வழித்து, கல்லை வைத்து, கைப்பிடியால் இரண்டு தட்டு.

"அப்பா," என்றாள் விதுர்ஷா. "இவங்க சுவர் கட்டுறாங்க."

அருமைநாயகம் அவர்களைக் கெஞ்சினார். பூட்டனுக்காக மன்னிப்புக் கேட்டார். தன்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நெற்றி பிளக்க இரும்பில் முட்டினார். உள்ளே கட்டுகிறவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியது. "அப்பா" என்ற சொல் "ப்பா" ஆனது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

கடைசிக் கல் வைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அருமைநாயகம் அடுத்த மாரிகூடக் காணவில்லை. காதை அந்த இரும்பில் வைத்தபடியே கிடந்து செத்தார். அதைப் பிடுங்க ஊரில் ஒருவரும் வரவில்லை.

வருடங்கள் கழிந்தன. சரீப் றஸீனாவைக் கலியாணம் முடித்தான். ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. நஸ்ஹா. இரண்டு வயது கடந்தும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு சொல்கூட இல்லை. பதுளையில் இருந்த றஸீனாவின் அக்கா, அங்கே ஒரு நல்ல டொக்டர் இருக்கிறார், பிள்ளையைக் கொண்டு வாங்க என்று சொல்லியனுப்பினாள். கண்டியிலிருந்து கோச்சியில்தான் போக வேண்டும், மலையைப் பார்க்க வேண்டும் என்று றஸீனா ஆசைப்பட்டாள். சரீப் மறுத்தான். காரணம் கேட்டாள். பிள்ளைக்குக் குளிரும் என்றான்; அவள் விடவில்லை. ஏறினார்கள்.

தேயிலை, மேகம், நீர்வீழ்ச்சி. பெட்டியில் அவர்களைத் தவிர ஒரு வயதான சிங்களத் தம்பதி மட்டும்தான். றஸீனாவின் மடியில் நஸ்ஹா யன்னலோரம் இருந்தாள். பிறகு ஒரு சுரங்கம் வந்தது. பெட்டியில் விளக்கு எரியவில்லை.

இருட்டுக்குள் குளிர்காற்று அடித்தது. நனைந்த பாறையின் வாடை.

மிக அருகில், மட்டக்களப்புப் பேச்சில், ஒரு சிறுமி கேட்டாள். "மாமி, தங்கச்சிட பேரென்ன?"

சரீப் றஸீனாவின் வாயைப் பொத்த இருட்டில் கையை வீசினான். கை காற்றில் போனது.

"நஸ்ஹா," என்றாள் றஸீனா அன்பாக.

வெளிச்சம் வந்தது. வயதானவர்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "இப்ப கேட்ட புள்ள எங்க?" என்று றஸீனா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நஸ்ஹா யன்னலால் தலையை நீட்டி, பின்னால் சிறுத்துக்கொண்டு போகும் சுரங்கத்தின் வாயைப் பார்த்துக் கைகாட்டினாள். பிறந்த நாளிலிருந்து பேசாத பிள்ளை வாயைத் திறந்தது.

"போயிட்டு வாறன்," என்றாள்.