ஷெரோன் போகாத போட்டி

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக யோசெப்பின் குசினிக்குள் வந்து, ஷெரோனின் விளையாட்டுப் பையை மேசையில் தொப்பென்று போட்டாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த றோஸ்மேரி கேத்திலைக் கீழே வைத்தாள். யோசெப்பின் அவளுடைய கணவனின் அக்கா. கனடாவில், லாசால் என்ற ஊரில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“தோய்க்கிற உடுப்பை எடுக்கவெண்டு திறந்தனான். உள்ளுக்குப் பொம்பிளையள் பாவிக்கிற சாமான் கிடக்கு. தம்பி வலன்ரைன், உன்ரை மோள் எப்பவோ பெரியபிள்ளையாயிட்டாள்... எங்களைத்தான் விசராக்கி வைச்சிருக்கினம்.”

டவுன்டவுன் உணவகத்துக்கு வேலைக்கு வெளிக்கிட்ட வலன்ரைன் அப்படியே நின்றுவிட்டார். பதினாறு வயது ஷெரோன் அறை வாசலுக்கு வந்தாள்.

“எப்ப இருந்து?” என்றார்.

“ரெண்டு வருசம், பப்பா.”

மகளை ஜிம்னாஸ்ரிக்கில் சேர்த்த அன்றே அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பெரியபிள்ளையாகும் வரைதான், சாமத்தியச் சடங்கு முடிந்தபிறகு தொடை தெரிகிற உடுப்போடு சபையில் துள்ளக்கூடாது. அந்தப் பிள்ளையோ பன்னிரண்டு வயதில் கியூபெக் மாகாணத்தில் முதலாவதாக வந்தது. பிறகு கனடாவின் இளையோர் பட்டம். போன வருடம், தொண்ணூற்றைந்தில், பெரியவர்களுக்கான பட்டமே கிடைத்தது. நாலு விரல் அகலச் சட்டத்தில் அவள் பின்பக்கமாகக் கரணமடித்து அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, கழகத்துச் சின்னப் பெண்கள் எல்லோரும் அவளைப்போலவே தலை பின்னத் தொடங்கியிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஒலிம்பிக் அணிக்கான தெரிவுப் போட்டி.

இந்த இரண்டு வருடமும் றோஸ்மேரி கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமா! விளையாட்டுக்காகப் பட்டினி போட்டு, பிள்ளையைப் பெரியபிள்ளையாகவிடாமல் பழுதாக்கிவிட்டாள் என்று யோசெப்பின் கோயில் வாசல்வரை சொல்லித் திரிந்தாள். றோஸ்மேரி என்ன செய்தாள்? சென் ஜோசப் பேராலயத்தின் மரப்படிகளில் முழங்காலில் ஏறி, என் பிள்ளைக்குக் குறையொன்றும் வைத்துவிடாதே ஆண்டவரே என்று கதறினாள். அன்று கூடவே வந்து, வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் தடவிவிட்டவள் இதே ஷெரோன்தான். அப்போதுகூட வாய் திறக்கவில்லையே, பாவி!

“இனிக் காணும்” என்றார் வலன்ரைன். “வெள்ளிக்கிழமை ஒரு இடமும் போறேல்லை.”

ஷெரோனின் முகம் செத்துப்போனது. அதைக் கண்டதும் தாய்க்குத் தன் எரிச்சல் மறந்துவிட்டது.

“பிள்ளையிலை பிழையில்லை... நான்தான் மறைக்கச் சொன்னனான். என்னை என்னவும் செய்யுங்கோ. அவளை விடுங்கோ.”

வலன்ரைன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீர் முழங்காலிலை படியேறினது? ஆண்டவருக்கு முன்னாலையும் நடிப்போ?”

அவள் வாழ்நாளில் அதைப்போல் மனதாரச் செய்த மன்றாட்டு வேறு இல்லை. “ஓம்” என்றாள்.

“அவள் போகட்டும். உம்மோடை எனக்கு இனிக் கதையில்லை.”

சொன்னதைச் செய்கிற மனுஷன். அவள் கைச் சோறு அவருக்கு வேண்டாமாம், உணவகத்திலேயே சாப்பிட்டு வந்தார். ஞாயிறு பூசையில் அக்காவும் தம்பியும் முன்வாங்கில். றோஸ்மேரி தனியே கடைசி வாங்கில். பூசைக்கு வந்த சனமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

“ஏனம்மா பொய் சொன்னீங்கள்?” என்று உடுப்பு மடிக்கும்போது ஷெரோன் கேட்டாள்.

“நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் பப்பாக்கு ஒளிக்கவேணும்... அதுதான்.”

“இப்ப ஒளிச்சாச்சுத்தானே. போய் வெண்டுகொண்டு வா, ராசாத்தி. எனக்கு அது போதும்.”

வெள்ளிக்கிழமை காலை போட்டிக்குக் கூட்டிப்போகக் கார்த் திறப்போடு வலன்ரைன் வாசலில் நின்றார். ஷெரோன் பையில்லாமல் வந்தாள்.

“பப்பா, அம்மாக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் எல்லாருக்கும் ஒளிச்சனான்.”

றோஸ்மேரி ஓடிப்போய் மகளின் வாயைப் பொத்தினாள். “பொய் சொல்லுறாள்... வெளிக்கிடு பிள்ளை, நேரம் போகுது.”

ஷெரோன் அந்தக் கையை மெல்ல விலக்கினாள். “அந்தப் படியிலை அம்மா உண்மையாத்தான் அழுதவ. நான் பக்கத்திலை நிண்டனான். பாத்துக்கொண்டு நிண்டனான், பப்பா.”

வலன்ரைன் கேட்டார்: “தாயின்ரை பிழையெண்டுதானே உன்னை விட்டனான். இப்ப?”

“தெரியும். நான் போகேல்லை.”

அவர் திறப்பை ஆணியில் கொழுவினார். யோசெப்பின் ஓடிவந்து றோஸ்மேரியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “என்ரை வாய் அழுகிப்போகட்டும்... ஒண்டுமறியாத உன்னைச் சந்தி சிரிக்க வைச்சனே, தங்கச்சி.”

வலன்ரைனின் கண்ணும் கலங்கிற்று. “என்னை மன்னிச்சுக்கொள்ளும். சடங்கைப் பெரிசாச் செய்வம். பிள்ளையின்ரை மெடல் எல்லாத்தையும் மண்டபத்திலை அடுக்கி வைப்பம். சனம் பாக்கட்டும்.”

“வைக்காதேங்கோ.” றோஸ்மேரியின் குரல் உயரவில்லை. “அடுத்த போட்டி எங்கையெண்டு ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது? உங்களுக்குப் பொய்க்காரியாவே நான் செத்துப்போயிருப்பன்... என்ரை பிள்ளை போட்டிக்குப் போயிருக்கும்.”

திறப்பின் பக்கம் அவர் கை போகவில்லை.

தொலைபேசி அடித்தது. பயிற்சியாளர்தான். ஷெரோனே எடுத்துப் பிரெஞ்சில் கதைத்தாள். அதில் ‘மெர்சி’, நன்றி என்ற ஒரு சொல்தான் றோஸ்மேரிக்கு விளங்கியது. அதை மட்டும் பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னாள். வைத்துவிட்டு வந்து தாயின் மடியில் தலைபுதைத்தவளின் பின்னலை றோஸ்மேரி மெல்ல அவிழ்க்கத் தொடங்கினாள்.