தோல் மேட்டு மண்

மழை தூறிக்கொண்டிருந்தது. பழச்சாறு ஆலையின் பின்பக்கம், பிழிந்த தோலைக் கொட்டுகிற மேட்டில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, கரண்டியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... எதையாவது புதைக்கிறீங்களா?"

கேட்டவன் ஆலையில் சாறு வடிகட்டுகிறவன். அவள் நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி... பெரிய கண்கள். கண்ணை நம்பிக் கெட்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். இவன் பதினோராவது.

"எடுக்கறேன். மண்ணு."

"இந்த மழையிலயா?"

"உங்க சாறு ஏன் கலங்கலா இருக்குன்னு தெரியுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. பழத்தில் பெக்டின் என்று ஒரு பசையாம். கலங்கலுக்கு அதுதான் காரணம். மண்ணில் இருக்கிற சில பூஞ்சைகள் ஒரு நொதியைச் சுரந்து அந்தப் பசையைக் கரைத்துவிடுமாம். அதைப் பிடிக்கக் கல்லூரியிலிருந்து வந்தவளாம். படித்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள். ஆனாலும் இவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆலையின் சோதனை அறையில் அவளுக்கு ஒரு அலமாரி கொடுத்தார்கள். ஐந்து மாதம் பாடுபட்டு ஒரு பூஞ்சையைத் தேற்றினாள். இன்னும் பத்து நாளில் பேராசிரியரிடம் காட்டவேண்டும். இல்லையென்றால் அவளுடைய ஆராய்ச்சி இடம் வேறொருவருக்கு.

பூஞ்சை கண்ணில் பட்டால் கொதிநீர் ஊற்று என்பது ஆலையின் சட்டம். அவள் வளர்ப்பது வெள்ளையாக, அழகாக இருக்கும் என்று இவனாக நினைத்திருந்தான். குடுவைகளில் மையாகக் கறுத்துக் கிடந்ததைப் பார்த்ததும், 'ஐயோ, கெட்டுப்போச்சே' என்று அத்தனையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டான்.

"யாரக் கேட்டுக் கழுவுனீங்க?"

"பூஞ்சை பிடிச்சா கழுவுவோம். என் மேல தப்பில்ல."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் அக்கா அங்கேயே தோல் உரிக்கிறவள். "தப்புன்னு ஒத்துக்கிட்டா தலைல இருக்கற கிரீடம் கழண்டு விழுந்துடுமாடா?" என்றாள்.

மேட்டில் எந்த மூலையில் தோல் சீக்கிரம் கூழாகிறது என்று அவனுக்குத் தெரியும். மண்வெட்டி வழுக்குகிற இடம். அங்கிருந்து ஒரு டின் மண் எடுத்துக்கொண்டு அவள் கல்லூரிக்கே போய் நின்றான்.

"எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்பு கேக்க... அது வாயில வரல. மண்ணுதான் வந்திருக்கு."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த மண்ணைக் கரைத்து, பெக்டின் கலந்த தட்டுகளில் பரப்பினாள். அவன் தினமும் வேலை முடிந்ததும் வந்து எதிரே உட்கார்ந்தான். ஐந்தாம் நாள் தட்டில் அயோடின் ஊற்றினாள். எல்லாம் பழுப்பானது. ஒரு கறுப்புப் புள்ளியைச் சுற்றி மட்டும் நிறம் ஏறவில்லை. அங்கே பசை கரைந்திருந்தது.

"கிடைச்சிடுச்சு..." அவள் குரல் உடைந்தது. "இனிமே நீங்க சிரமப்பட்டு வரவேணாம்."

"பூஞ்சைக்காகத்தான் வந்தேன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"உங்களப் பிடிச்சிருக்கு."



"பிடிச்சவரு அஞ்சு நாளா தட்டையே பாத்துட்டு இருந்தீங்க?"

"நீங்களும் தட்டத்தானே பாத்தீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் எங்கங்க தட்டப் பாத்தேன்..."