கொப்பரைக் கிடங்கில் ஐந்து பச்சை விளக்குகள்

மின்கம்பத்திலிருந்து அந்தத் தோப்பு வீட்டுக்கு ஏற்கெனவே ஓர் ஒயர் வந்துகொண்டிருந்தது.

ஆடிக் காற்று கணவாய் வழியே இறங்கி, பொள்ளாச்சிக்குத் தெற்கே பரந்து கிடந்த தென்னந்தோப்புகளையெல்லாம் ஒருசேர உலுக்கிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், இணைப்புக் கொடுக்க வந்து ஏணியின் உச்சியில் நின்ற தமிழ்ச்செல்வன்தான் அதை முதலில் கண்டான். வெயிலில் வெளிறி, தூசி படிந்து, ஓலைகளுக்கிடையே தாழ ஓடிய பழைய ஒயர். அது வீட்டுக்குள் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, பின்புறத்துக் கொப்பரைக் கிடங்கின் சுவருக்குள் போயிற்று.

"ஏனுங்கக்கா, இந்த ஊட்டுக்கு முன்னாலயே ஃபைபர் போட்டிருக்குதுங்களே?"

"இல்லைங்களே," என்றாள் பிரவீனா. "மூணு மாசமா நாங்க கேக்காத கம்பெனி இல்லை."

அவன் ஒயரின் முனையைக் கையிலிருந்த கருவியில் பொருத்திப் பார்த்தான். "சும்மா கெடக்கிற ஒயருன்னு நெனைச்சனுங்க. இதுல லைன் ஓடிட்டிருக்குது. இன்னைக்கும் ஓடிட்டிருக்குது."

பிரவீனாவுக்கு வியப்பைவிட ஏமாற்றமே மிகுதியாக இருந்தது.

ஏனெனில், இணைப்பு வராது என்றே அவள் நம்பியிருந்தாள். கோவையிலுள்ள நிறுவனத்துக்காக மருத்துவக் காப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. திருமணத்துக்குப் பின்னும் அவள் அதை விடவில்லை. தோப்புக்குள் அலைபேசியில் ஒரு கோடுகூட ஏறவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் நட்ட ஆன்டெனா முதல் காற்றிலேயே சாய்ந்தது. ஆகவே நாள்தோறும் ஒரு மைல் நடந்து, சாலையோரப் பால் சொசைட்டியின் திண்டில் மடிக்கணினியை விரித்து வேலை செய்தாள். மருமகள் சாலையில் உட்காரலாமா என்ற பேச்சு எழுந்தபோது, உறவினர் அனைவர் முன்னிலையிலும் அவளே வாக்குக் கொடுத்தாள். ஆடி முடிவதற்குள் வீட்டுக்கு நல்ல நெட் வந்துவிட்டால் தோப்பின் படல் கதவைத் தாண்டமாட்டேன். வராவிட்டால் கோவையில் விடுதியில் தங்கி அலுவலகம் போவேன்.

இன்று ஆடியின் கடைசி நாள். கட்டிலுக்கடியில் அவள் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"நல்லதாப் போச்சுங்க கண்ணு," என்றாள் மாமியார் முத்தாத்தாள். எப்போது பின்னால் வந்து நின்றாள்? கிடங்கின் சாவி அவள் கையிலேயே இருந்தது. "மூத்த மருமக நந்திதாவுக்கு அப்பப் போட்டதுங்க. பெரிய பையன் லாரியில அடிபட்டுத் தவறிப் போனதுக்கப்புறம், பாவம், அந்தப் புள்ள இங்கிருந்துதான் வேலை பாத்துது. பெங்களூரு போயும் மூணு வருசமாச்சுங்க."

நந்திதாவைப் பிரவீனா பார்த்ததில்லை. திருமணத்துக்கு அவள் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "மீட்டிங்ல இருக்கறாங்க" என்பான் கணவன் கிருபாசங்கர். அந்த வீட்டில் எவரும் எதையும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் எதிர்த்திருக்கலாம். மரியாதையை எதிர்ப்பது எப்படி?

கதவு திறந்ததும் கந்தகப் புகையும் காறிப்போன எண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. அறையின் பாதியில் கொப்பரை மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. மறுபாதி மாசுமருவின்றிப் பெருக்கியிருந்தது. ஒரு மேசை. ஒரு நாற்காலி. தலையளவே ஆன ஒரே ஒரு சன்னல். சுவரில் ஒரு மோடம். அதில் ஐந்து பச்சை விளக்குகள். மூன்று ஆண்டுப் பூட்டுக்குள் கிடந்த மேசையில் தூசி இல்லை.

தமிழ்ச்செல்வன் பிரவீனாவின் மடிக்கணினியை இணைத்து, வேகத்தைச் சோதித்து, மகிழ்ச்சியோடு தலையாட்டினான். "நூறுக்குக் கொறையலைங்க. டவுனுல கூட இப்படிக் கெடைக்காது." பிறகு அவன் புருவம் சுருங்கியது. "ரெண்டு கனெக்ஷன் காட்டுதுங்கக்கா. ஒண்ணு உங்க லேப்டாப்பு. இன்னொண்ணு நந்திதான்னு வருது."

"பழைய பேரு அழியாமக் கெடக்குமுங்க தம்பி," என்றாள் முத்தாத்தாள்.

"இருக்கலாமுங்க... ஊட்டுக்குள்ள வேணும்னா காத்து நின்னதும் புது ஒயர் இழுத்துத் தாரேன்."

"எதுக்குங்க? இங்கயே நல்லா இருக்குதுல்ல."

நாலு இடத்தில் கம்பம் சாய்ந்து கிடப்பதாகச் சொல்லி அவன் வண்டியைக் கிளப்பினான். அந்த வண்டியின் ஒலி தேய்ந்து, தேய்ந்து, ஓலைகளின் இரைச்சலுக்குள் அமிழும்வரை பிரவீனா கேட்டுக்கொண்டே நின்றாள். அவனை நிறுத்தியிருக்க வேண்டும். என்னவென்று சொல்லி நிறுத்துவது?

"உக்காருங்க கண்ணு. அஞ்சு மணிக்கு மீட்டிங்னீங்களே. காத்துல கதவு அடிச்சுக்குது, வெளியில தாப்பாள் போட்டுக்கறேன்."

"வேண்டாமுங்கத்தை..."

தாழ்ப்பாள் விழுந்தது.

நாற்காலி சூடாக இருந்தது. வெயில் படாத மூலை. ஆயினும் இப்போதுதான் ஒருவர் எழுந்து போனது போன்ற வெதுவெதுப்பு. அவள் துள்ளி எழுந்தாள். மோடத்தின் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். நந்திதா என்ற பெயருக்கெதிரே நாள்கள் வரிசையாக ஓடின. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. பொங்கலன்றும். ஞாயிறுகளிலும். மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் தவறவில்லை. இன்றும் தவறவில்லை.

ஐந்து மணிக்குத் திரையில் மேலாளரின் முகம் தெளிவாக எழுந்தது. "அருமையா இருக்கு பிரவீனா! குரல் பக்கத்துல கேக்கற மாதிரி இருக்கு. இனிமேல் நீங்க ஆபீஸ் வர வேண்டிய அவசியமே இல்லை."

"சார்," என்று தொடங்கினாள். "என்னை உள்ளே வெச்சுப் பூட்டி..."

ஐந்து விளக்குகளும் சிவந்தன. மேலாளரின் முகம் சிரித்தபடியே உறைந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்று, தயங்கி, நின்றது.

அந்த நிசப்தத்தில்தான் அவள் கேட்டாள்.

இத்தனை நேரமும் ஓலை உரசும் ஒலி என்று எண்ணியிருந்தாள். ஓலை அன்று. மழைத் தூறலும் அன்று. விசைப்பலகை. மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். சீராக. வேகமாக. களைப்பே இல்லாமல்.

அவள் மூட்டைகளின் இடுக்கில் புகுந்தாள். மோடத்திலிருந்து இரண்டாவதாக ஓர் ஒயர் சுவரோரம் ஓடியது. அது பின்சுவரை அடைந்தது. அந்தச் சுவர் மற்றச் சுவர்களைப் போலன்று. சுண்ணாம்பு காணாத சிமென்ட் பூச்சு, ஓர் ஆள் அகலத்துக்கு. ஒயர் ஒரு சிறு துளை வழியே உள்ளே நுழைந்தது.

தட்டும் ஒலி நின்றது.

விளக்குகள் மீண்டும் பச்சையாயின. அவள் மேசைக்கு ஓடினாள். திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம்: நந்திதா ஒரு கோப்பு அனுப்புகிறார். விரல் தானாக அழுத்தியது.

*கதவைத் திறக்கச் சொல்லாதீங்க அம்மணி. சொன்னா நெட்ட நிறுத்திப்போடுவாங்க. நெட்டு நின்னா இங்க ஒண்ணுமே இல்லீங்க.*

வெளியே, சன்னலுக்குக் கீழே, மண்வெட்டி சிமென்ட் கலவையைப் புரட்டும் ஒலி. சரக். சரக். ஒரு செங்கல் வைக்கும் ஒலி. கரண்டியின் கைப்பிடியால் அதைத் தட்டும் ஒலி. சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். செங்கல்லைப் பிடித்திருந்த விரலில் அவள் போட்டுவிட்ட திருமண மோதிரம்.

"என்னங்க! ஏனுங்க, என்ன செய்யறீங்க?"

கிருபாசங்கர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதில் அவன் தாயிடமிருந்து வந்தது; கனிந்து, குழைந்து, என்றும் போல் மரியாதையாக.

"காத்து சத்தம் உள்ள வருதுல்லீங்க கண்ணு. மீட்டிங்குல நல்லாக் கேக்கோணுமில்ல. நீங்க பாருங்க. நாங்க சீக்கிரம் முடிச்சுப்போடறோம்."

இரண்டாவது வரி. மூன்றாவது வரி. கத்தினாள். ஓலைகள் கத்தின. நான்காவது வரி. வெளிச்சம் சாணாயிற்று, நாலு விரலாயிற்று, ஒரு விரலாயிற்று. இல்லாமற் போயிற்று.

இருட்டு. ஐந்து பச்சைப் புள்ளிகள்.

அந்தப் பச்சை ஒளியில், மூட்டை இடுக்குக்கு அப்பால், பின்சுவரில் ஒயர் அசைந்தது. ஒரு விரற்கடை உள்ளே இழுபட்டது. பிறகு, அதைப் பற்றிக்கொண்டே, கொப்பரைப் பருப்பைப் போல வெளுத்து, நகங்கள் தேய்ந்து மழுங்கிய இரண்டு விரல்கள் துளையிலிருந்து மெல்ல வெளியே வந்து, மூட்டைகளைத் தடவி ஒதுக்கி, சுவரோரத்தில் அவளுக்கு இடம் செய்யத் தொடங்கின.