பதினைந்தாவது ஆள்

ஷார்ல் சான்டெல்லி செத்து முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

பாரிஸ் நாடாளுமன்றத்தில் அவருடைய அறை. உடலை எடுத்துவிட்டார்கள். கம்பளத்தில் ரத்தம் கறுத்துக் கிடந்தது.

கழுத்தில் நான்கு குத்து... கடிதம் பிரிக்கும் கத்தி. நான்காவதில் அது எலும்பில் மாட்டி உடைந்திருந்தது!

வாசலில் வானினா ஓர்சினி நின்றாள். கோர்சிகா தீவுக்காரி. பிரசவம் பார்ப்பவள். தேர்தலில் சான்டெல்லியின் மாற்று ஆள். உறுப்பினர் இறந்தால் மறுநாளே மாற்று ஆளுக்கு நாற்காலி.

இன்று காலையிலிருந்து அவள் எம்.பி.

அதனால்தான் போலீஸ் கேப்டன் லகார்த் அவளைச் சந்தேகப்பட்டார். கொலை நடந்தபோது தீவில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். கூலிக்கு ஆள் வைக்கப் பாரிஸ் வர வேண்டியதில்லையே என்றார்.

மாலைக்குள் கையில் விலங்கு என்றார்.

"பத்து நிமிஷம் கொடுங்க. தலைவர் ரூம் கதவுக்கு வெளியே நில்லுங்க. காது மட்டும் உள்ள இருக்கட்டும்" என்றாள் வானினா.

சான்டெல்லி இருந்த குழுவின் தலைவர் எர்வான் கெர்மாரெக், மேற்கு பிரான்சின் பிரெத்தோன் இனத்தவர். வலதும் இல்லாத, இடதும் இல்லாத பிராந்தியக் கட்சி எம்.பி.க்களைச் சேர்த்துக் கட்டிய குழு அவருடையது. சரியாகப் பதினைந்து பேர். ஒருவர் குறைந்தாலும் குழு கிடையாது. குழு இல்லாவிட்டால், பதினோரு வருடம் சுமந்து வியாழக்கிழமை அவர் கொண்டுவரவிருந்த மசோதாவும் கிடையாது.

தனியாக உள்ளே வந்தவளின் கன்னங்களில் முத்தமிட்டு, காபி ஊற்றினார்.

"சாகறதுக்கு முந்தின நாள் அவர் போன் பண்ணாரு. ராஜினாமா பண்றேன்னாரு. அத நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன், தலைவரே. உங்ககிட்ட."

காபி தளும்பியது.

"ராஜினாமான்னா இடைத்தேர்தல். அதுவரைக்கும் நாற்காலி காலி, குழுவும் காலி. செத்தா... மறுநாளே நான்."

கெர்மாரெக் பாய்ந்தார்.

அவள் தலை அலமாரியில் மோதியது. உதடு கிழிந்தது. பல் தெறித்தது. கழுத்தில் பத்து விரல்கள் இறுகின...

"பதினோரு வருஷம்டி! அவனுக்கு ஆடு மேய்க்கப் போகணுமாம். கெஞ்சினேன். சிரிச்சான். குத்தினேன்."

பார்வை இருண்டது. மிச்சமிருந்த மூச்சில் சொன்னாள்.

"கொல்லுங்க... எனக்கு மாற்று ஆள் கிடையாது. எண்ணிப் பாருங்க."

விரல்கள் நின்றன.

எண்ணின.

தளர்ந்தன.

கதவு பிளந்தது! லகார்த்தின் முழங்கால் அவர் முதுகில் இறங்கியது. மணிக்கட்டு 'மளுக்'கென்றது.

கம்பளத்தில் முகம் அழுந்திக் கிடந்தும் கெர்மாரெக் சிரித்தார்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் நான் எம்.பி.தான். உன்னையும் சேர்த்துப் பதினைஞ்சு. வியாழக்கிழமை என் மசோதா வரும், பாரு."

வானினா காபிக் கோப்பையில் ரத்தத்தைத் துப்பினாள்.

"எனக்குத் தானா வந்தது நாற்காலி மட்டும்தான், தலைவரே. குழுவுல சேரக் கையெழுத்து வேணும்ல? நான் பேனாகூடக் கொண்டு வரலை... இன்னும் கையெழுத்தே போடலை."