கடைசிக் கல்மரம்

கல்மரக் காட்டில் நிழலே கிடையாது. பெயர்தான் காடு. எல்லா மரமும் என்றோ விழுந்து, மண்ணில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாகிப்போனவை. ஓடிப்பிடித்து விளையாடக் கூப்பிட்டால் ஒன்றுகூட வராது.

சிட்டு கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பத்து வயது. அந்தக் காடு அவள் அப்பாவுடையது. அக்கம்பக்கத்தில் வீடே இல்லை. விடுமுறை என்றால் பேச்சுத்துணைக்கு அப்பாவும் கல்மரங்களும்தான். அப்பா எப்போதும் ஒரே கதையைச் சொல்வார். கல்மரங்கள் அதையும் சொல்வதில்லை.

யாராவது பார்க்க வந்தால் அப்பா கதை சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பார். சிட்டு தண்ணீர் வாளியோடு பின்னால் போவாள். காய்ந்திருக்கும்போது கல்மரம் வெறும் சாம்பல் நிறக் கல். வெட்டுப்பட்ட பக்கத்தில் தண்ணீர் ஊற்றினால் சிவப்பும் மஞ்சளுமாக வளையங்கள் தெரியும். வந்தவர்கள் “அடேயப்பா!” என்பார்கள்.

முதலில் கொள்ளுத்தாத்தா மரம். “கிணறு வெட்டத்தான் தோண்டினாரு. கடப்பாரை டங்குனு நின்னுடுச்சு. தண்ணி வரல, மரம் வந்துச்சு!” என்பார் அப்பா. பார்க்க ஊரே திரண்டதால் கொள்ளுத்தாத்தா வேலி போட்டு, வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்க ஆரம்பித்தாராம். அடுத்தது தாத்தா மரம். கல் வியாபாரி எவ்வளவோ ஆசை காட்டியும் தாத்தா அதை விற்கவில்லை. மூன்றாவது அப்பா மரம். கண்டுபிடித்தவர் பெயரையே மரத்துக்கு வைப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

கடைசி மரம் சிட்டு மரம். போன மழையில் மண் கரைந்தபோது அவள் கண்ணில்தான் பட்டது. சின்ன மரம், அதுவும் மேட்டுக்கு அப்பால். அப்பா மரத்தைப் பார்ப்பதற்குள் வந்தவர்களுக்குக் கால் வலித்துவிடும். வாளியும் காலியாகிவிடும். “சரி, பாத்தாச்சு” என்று திரும்பிவிடுவார்கள். ஒரே ஒருவராவது தன் மரத்தைப் பார்க்கமாட்டார்களா என்று சிட்டு ஏங்கினாள். கேட்கத்தான் வெட்கம்.

அன்று ஒரு கார் வந்தது. அதிலிருந்து ஓர் அப்பா, ஓர் அம்மா, சிட்டு வயதில் ஒரு பெண் இறங்கினார்கள். பெண்ணின் காலில் மாவுக்கட்டு.

“நீ இந்த பெஞ்சிலயே உக்காரு குட்டிம்மா. நாங்க ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறோம்” என்றார் அந்த அம்மா.

குட்டிம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினாள். தனியாக இருப்பவர்கள் அப்படித்தான் எதையாவது சுரண்டிக்கொண்டிருப்பார்கள். சிட்டுவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“அப்பா, காரைப் பின்வாசல் வழியா விடலாமே? என் மரத்துக்கிட்டயே போய் நிக்கும். இவங்க நடக்கவே வேண்டாம்.”

“கதையை யாராவது கடைசியிலேருந்து ஆரம்பிப்பாங்களா? கொள்ளுத்தாத்தாவை என்ன பண்றது?”

“அவர் மரம் எங்கயும் ஓடிடாதுப்பா. கல்லாத்தானே கிடக்கு.”

குட்டிம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு சாவிக்கொத்தை எடுத்தார்.

கார் மேட்டைச் சுற்றிப்போய் நின்றது. சிட்டு தோள் கொடுக்க, குட்டிம்மா நொண்டி நொண்டி வந்து சின்ன மரத்தருகே உட்கார்ந்தாள்.

“இது... என் பொண்ணு கண்டுபிடிச்சது” என்று ஆரம்பித்தார் அப்பா. அதற்குமேல் அவருக்கு வரவில்லை. கொள்ளுத்தாத்தா இல்லாமல் கதை சொல்லிப் பழக்கமில்லை. மீதியைச் சிட்டுவே சொன்னாள். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. மெல்ல ஊற்றினாள். சாம்பல் கல்லில் சிவப்பு வளையங்கள் தெரிந்தன.

“ஒவ்வொரு வளையமும் ஒரு வருஷம். எண்ணிப் பாரேன்.”

குட்டிம்மா விரல் வைத்து எண்ணினாள். “பத்து! ஏய், நம்ம வயசு!”

சிட்டு எத்தனையோ முறை எண்ணியிருக்கிறாள். ‘நம்ம வயசு’ என்று சொல்லத்தான் இதுவரை ஆளில்லை.

மாலையில் கார் போய்விட்டது. தூசி அடங்கும்வரை சிட்டு கையாட்டினாள். பிறகு தன் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வளையங்கள் காய்ந்து மறையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காடு மறுபடியும் வெறிச்சென்று இருந்தது.

மறுநாள் காலை வாசலில் டங் டங் என்று சத்தம். சிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். கொள்ளுத்தாத்தா மரத்துக்கு வழிகாட்டிய அம்புக்குறிப் பலகையை அப்பா பிடுங்கி, பின்வாசல் பக்கமாகத் திருப்பி நட்டுக்கொண்டிருந்தார்.

“என்னப்பா பண்றீங்க?”

“இனிமே கதை உன்கிட்டயிருந்துதான் ஆரம்பம்” என்றார் அப்பா. “போ, வாளியை நிரப்பு.”