இடது காதின் சுத்தம்

காலையில் பெட்டியைத் திறந்தபோது இடது காதுக்கருவியின் நுனியில் குல்லாய் இல்லை.

காதுக்குள் போகும் மெல்லிய கம்பியின் முனையில் மாட்டும் ரப்பர் குல்லாய் அது. சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. இரவு கழற்றி வைத்தபோது இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. தலையணை உறையை உதறினாள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு டப்பாவிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். இந்த வருடத்தில் இது ஐந்தாவது. பத்தொன்பது வருடமாகக் கருவி போடுகிறவளுக்குக் குல்லாய் தொலைவது சட்டைப் பொத்தான் தொலைவது மாதிரி. ஐந்துமே இடது காதுக்கானவை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

எதிரே கணவரின் உதடுகள் அசைந்தன. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். மீந்த குரலைப் பழைய கருவிகளால் பிடிக்க முடியவில்லை. அவள் முகம் சுருங்குவதைப் பார்த்து அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

'உன் காதும் என் தொண்டையும் பேசி வைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்கின்றன.'

சிரித்தாள். ஆனால் இருபத்தேழு வருடம் கேட்ட அந்தக் குரல் அவளுக்கு மறக்கத் தொடங்கியிருந்தது. அவர் சிரிக்கும் சத்தம் முதலில் போனது. பிறகு அவளைக் கூப்பிடும் விதம். அதற்காகத்தான் புதுக் கருவி வாங்குவதென்று முடிவு செய்தார்கள்.

காதுக்கருவி நிலையத்தின் பரிசோதகர் முப்பது வயதுப் பெண். நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள குழலை இரண்டு காதுகளிலும் விட்டுப் பார்த்தாள். படங்கள் திரையில் வந்தன. வலது காது மங்கிய மஞ்சள், ஓரங்களில் அழுக்கு. இடது காது இளஞ்சிவப்பு, பளபளப்பு, ஈரம். ஈறு மாதிரி இருந்தது.

பழைய கருவிகளை மாட்டிவிட்டுப் பரிசோதகர் கேட்டாள்.

"இடது காதை யாரும்மா சுத்தம் பண்றது?"

"யாரும் இல்ல. நான் தொடறதே இல்ல."

"காதுன்னா கொஞ்சம் அழுக்கு இருக்கணும். எல்லாருக்கும் இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. நக்கி வெச்ச தட்டு மாதிரி இருக்கு."

கணவர் தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள்.

"தொலைஞ்ச குல்லாய் ஏதாவது உள்ள இருக்கா?"

"சில பேருக்கு மாட்டிக்கும். உங்களுக்கு இல்ல. சுத்தமா இருக்கு."

புதுக் கருவிகளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, இப்போது போட்டிருப்பதைப் போலவே கம்பியும் குல்லாயும் கொண்டது; மெல்லிய குரலைக்கூடப் பிடிக்கும். மற்றது, காதை அச்செடுத்து அதே வடிவில் வார்த்துக் காதையே நிரப்புவது. காதை அடைக்கும் எதுவும் அவளுக்கு ஆகாது. முதல் வகையைக் கேட்டாள். பதினைந்து நாள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னால் போதும் என்றாள் பரிசோதகர்.

புதுக் கருவி உயிர்பெற்றபோது அறையின் ஓசைகள் ஒவ்வொன்றாக வந்தன. காகிதம் மடிவது. நாற்காலிச் சக்கரம். தன் சட்டைக் கை மேஜையில் உரசுவது. பிறகு, பக்கத்தில், காற்றும் கரகரப்புமாக ஒரு குரல்.

"கேக்குதா, மகாராணி?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"கேக்குது. காத்து போன டயர் மாதிரி."

"டயர்தான் பழசு. வண்டி நல்லா ஓடும்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஓடுகிற இயந்திரமாகத்தான் பார்ப்பார்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அது தொடங்கியது. தட்டில் கரண்டி படுவதும் குழாயில் நீர் சொட்டுவதும் தெருவில் யாரோ கதவை இழுத்துச் சாத்துவதும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவற்றுக்கெல்லாம் அடியில், நாக்கு மேலண்ணத்திலிருந்து பிசுபிசுவென்று பிரியும் சத்தமும், நாரான ஏதோ பல்லிடுக்கில் கிழிந்து எச்சிலில் புரண்டு கூழாகும் சத்தமும், கூழான அது தயங்கித் தயங்கித் தொண்டைக்குள் வழுக்கும் சத்தமும் கேட்டன. நிமிர்ந்தாள். கணவர் மென்றுகொண்டிருந்தார். அறுவைக்குப் பிறகு அவருக்கு ஒரு வாய் இறங்க ஐந்து நிமிடம் ஆகும். அவர் மெல்லும் தாடையையும் ஏறி இறங்கும் தொண்டைத் தழும்பையும் பார்த்தாள். தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் சொல்லிவிட்டாள்.

"கொஞ்சம் மெதுவா மெல்லுங்க."

"வாயை மூடித்தானே மெல்றேன்."

"மூடியும் கேக்குது."

"சரி, பல்லைக் கழட்டி உன்கிட்ட குடுத்துட்டு சாப்பிடறேன்."

அவள் சிரிக்கவில்லை.

"வாந்தி வருதுங்க எனக்கு. உங்க வாயைப் பாத்தாலே வருது."

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கும் மெஷின் இருந்த பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து சமையலறையிலேயே தட்டைப் போட்டுக்கொண்டு நேராக அங்கே போனார். மெஷின் மேல் தட்டை வைத்து நின்றபடி சாப்பிட்டார். பேச்சும் குறைந்தது. அவர் குரலுக்காக வாங்கிய கருவி அவள் காதில் இருந்தது. பேசத்தான் ஆளில்லை.

சாத்திய கதவுக்கு அப்பாலிருந்தும் சத்தம் வந்தது. குறையவே இல்லை.

பரிசோதகருக்குப் போன் செய்தாள். "புதுசா கேக்கற சத்தமெல்லாம் மொதல்ல பெருசாத்தான் தெரியும்மா. மூளை பழகிக்கும்" என்றாள்.

ஒன்பதாம் நாள். அவள் வேலை செய்யும் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கும் அறை. மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சில நாட்களாகவே அவள் மதியம் சாப்பிடுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மருந்துப் பெட்டி ஒன்றின் உள்தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடியது. மேலே மின்விசிறி. தாளில் பேனா.

மெல்லும் சத்தம்.

பேனா நின்றது. மேஜைக்கு அடியில் குனிந்தாள். கதவைத் திறந்தாள். நடையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினாள்.

வலது கருவியைக் கழற்றினாள். சத்தம் இருந்தது. இடது கருவியைக் கழற்றினாள். இயந்திரம் போயிற்று. மின்விசிறி போயிற்று. நாற்காலி இழுபட்டதும் கேட்கவில்லை.

அது மட்டும் கேட்டது.

அவசரமில்லாமல் மென்றது. இந்த முறை நார் இல்லை. ரப்பர். பல்லில் பட்டுக் கிறீச்சிட்டது.

கையிலிருந்த இடது கருவியைப் பார்த்தாள். குல்லாய் இல்லை. காலையில்தான் புதிது மாட்டியிருந்தாள். கம்பி நனைந்திருந்தது. விரலால் தொட்டு எடுத்தபோது நூல் போல் நீண்டு வந்து அறுந்தது. முகர்ந்தாள். விளக்காத வாயின் வாடை. இளஞ்சூடு.

குப்பைக்கூடையில் குனிந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் எதுவும் இல்லை. புளித்த நீர்தான் வந்தது. அவள் ஓங்கரித்தபோது மெல்லுவது நின்றது. அவள் முடித்ததும் தொடர்ந்தது.

பின்னறையில் நின்று சாப்பிடும் மனிதர் நினைவுக்கு வந்தார். ஐந்து நாளாக நிற்கிறார்.

மாலை கணவரையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். கூடத்தில் முறை வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ராத்திரி மேஜையில உக்காந்து சாப்பிடுங்க."

"வாந்தி வந்தா?"

"வரட்டும். அது நீங்க இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கைமேல் கை வைத்துக்கொண்டார்.

பரிசோதகர் குழலை விட்டுப் பார்த்தாள். திரையில் அதே இளஞ்சிவப்பு ஈரம். கருவிகளைத் திரும்ப மாட்டிவிட்டாள். "ஒண்ணும் இல்லம்மா. குல்லாய் தொலையறதுதான் தொந்தரவுன்னா, நாம அச்செடுத்து செய்யறதுக்கு மாறிடலாம். காதை முழுசா அடைச்சிடும்."

"அடைச்சிடுங்க."

தன் குரல் இவ்வளவு சத்தமாக வந்ததை அவளே கேட்டாள்.

"நூல் கட்டுன சின்ன பஞ்சை உள்ள வெச்சு, மேல பசையை நிரப்புவேன். காய அஞ்சு நிமிஷம். அதுவரைக்கும் எதையாவது மெல்ற மாதிரி தாடையை அசைச்சிட்டே இருங்க. அப்பதான் அச்சு சரியா விழும்."

கருவிகள் கழன்றன. உலகம் மூடிக்கொண்டது. வலது காதில் பஞ்சு. குளிர்ந்த பசை. பிறகு இடதில். பசை உள்ளே போய்ப் போய், நிரம்பி, அழுத்தியது. சத்தம் நின்றது. முழுவதுமாக. பல நாட்களுக்குப் பிறகு எதுவுமே இல்லை. அவள் மூச்சை விட்டாள்.

பரிசோதகர் எதிரே நின்று தன் தாடையை அசைத்துக் காட்டினாள். மெல்லுங்கள்.

அவள் மெல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். தாடை கொஞ்சமும் அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

இடது காதில் பசை அசைந்தது.

முதலில் ஒரு சின்ன இழுப்பு. உள்நோக்கி. பிறகு இன்னொன்று. கன்னத்தின் மேல் தொங்கிய நூல் விறைத்தது. மெல்ல மேலேறியது. காதோரம் வந்து நின்றது. தளர்ந்தது.

கத்த வாயைத் திறக்க வேண்டும். தாடை அசையும். அசைக்கவில்லை.

ஐந்து நிமிடம் முடிந்தது. பரிசோதகர் வலது அச்சை உருவினாள். இளஞ்சிவப்பாக, காதின் வளைவுகள் எல்லாம் பதிந்து, நுனியில் பஞ்சோடு முழுசாக வந்தது. வெள்ளைத் தாளில் வைத்தாள். இடது அச்சைத் தொட்டாள். உருவும் முன்பே கையோடு வந்துவிட்டது.

பாதிதான் இருந்தது. பஞ்சு இல்லை. நூல் அறுந்து, ஈரமாகக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பரிசோதகர் அதை வலது அச்சின் பக்கத்தில் வைத்தாள். அறுந்த முனை அவள் பக்கம் திரும்பியிருந்தது. மேலே ஒரு வளைவு. கீழே ஒரு வளைவு. சின்னச் சின்னக் குழிகள். பால் பற்களின் அளவு. ஆனால் நெருக்கமாக, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வரிசை.

பரிசோதகர் சுவரோடு ஒட்டி நின்றாள். வாய் திறந்திருந்தது. கணவர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். அவர் உதடுகள் அசைந்தன. அவள் பெயர்தான். உதட்டிலிருந்து படித்தாள். குரல் வரவில்லை.

மெல்லுவது கேட்டது. பசை முழுவதும் காய்ந்திருக்கவில்லை. பல்லில் ஒட்டியது. நாக்கு அதை வழித்தது. வழித்து, உருட்டி, விழுங்கியது.

அமைதி.

பிறகு, மிகப் பக்கத்தில், ஈரமான இரண்டு உதடுகள் பிரிந்தன. திறந்தபடியே இருந்தன.