கொள்ளிக்கை

காலையிலேயே வாணலியில் உப்பு வெடிக்கும் சத்தம் கேட்டும் சுலைஹா அடுப்படிப் பக்கமே போகவில்லை. சூலியா தெருவில் இருந்த இந்த வீட்டில் இரண்டு வருஷமாக உப்பு வறுத்ததில்லை. இன்று வறுப்பது அவள் புருஷன் நூர் முகம்மது. அவனுடைய உம்மா, சுலைஹாவின் மாமி ஆயிஷாவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை. ஈரம் படாத சூடு கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் மருமகள் இருக்க, ரொட்டிக் கடையை ஆள் வசம் விட்டுவிட்டு மகன் அடுப்படியில் நின்றான். நிற்காமல் என்ன செய்வான்? மருமகளின் கைக்கு அந்த வீட்டில் ஒரு பெயர் இருந்ததே... கொள்ளிக்கை!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமிக்கு வாதம் வந்து இடது பக்கம் மரத்துப்போனது. தினமும் உப்பை வறுத்து, துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுத்தவள் சுலைஹாதான். தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்காமல் மாமி மேல் வைத்ததில்லை. ஒரு வியாழக்கிழமை அவள் கொடுத்து முடித்த பிறகு, கடையிலிருந்து சாப்பிட வந்த மகன், உம்மாவின் கால் சில்லென்றிருக்கிறதே என்று தானும் ஒருமுறை சூடாக்கி வைத்துவிட்டுப் போனான். சாயங்கால அஸர் தொழுகைக்குள் கெண்டைக்கால் கொப்பளித்துவிட்டது. மரத்த கால் வாய் திறந்து சொல்லுமா? புண் ஆற மூன்று மாதமானது. தான் வைத்தது வெதுவெதுப்புதான் என்று அவன் சத்தியம் செய்தான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அப்படியானால் மிச்சம் இருந்தது அவள் கை மட்டும்தான்.

ஊர் நம்பியதைவிடக் கொடுமை, அவளே நம்பிவிட்டாள். அன்றைக்குக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேனா, இல்லையா... எத்தனை முறை நினைத்தாலும் அந்த இடம் மட்டும் இருட்டாகவே இருந்தது. மாவு பிசையும்போதும் தலை வாரும்போதும் வறுத்த உப்பின் வாடை விரலில் வந்து நிற்கும். பெற்ற மகள் சலேஹாவை வெந்நீரில் குளிப்பாட்டக்கூடப் பயந்து, பக்கத்து வீட்டு ரொஸ்னாவைத் தினமும் கூப்பிட்டாள். போன வாரம் தோள் பிடித்துக்கொண்டதும் மாமி, கண்ணை மூடினால் அந்தக் கைதான் வருகிறது, இவளோடு ஒரே கூரையின் கீழ் தூங்க முடியாது என்று அழுதுவிட்டாள். கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்து சுலைஹாவின் அண்ணன் நாகூர் மீரான் இன்று மதியம் வந்து அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடு. பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னது மாமியல்ல, சுலைஹாதான்.

பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது மாமியின் அறையிலிருந்து அலறல் வந்தது.

"அல்லா... சுடுதுடா! எடுடா அத!"

ஓடினாள். மாமியின் வலது தோள் சிவந்துகிடந்தது. நூர் முகம்மது உப்பு முடிச்சை உள்ளங்கையில் ஏந்தியபடி திகைத்து நின்றான்.

"வெதுவெதுன்னுதானே இருக்கு உம்மா..."

சுலைஹா அதை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் கீழே போட்டாள். முடிச்சு அவிழ்ந்து உப்பு தரையெல்லாம் சிதறியது. அவள் உள்ளங்கை எரிந்தது.

மாமி வலியைப் பொறுத்துக்கொண்டு மகனின் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். பதினான்கு வருஷம் கொதிக்கிற கல்லில் வெறுங்கையால் ரொட்டி திருப்பிய கை, காய்ப்பேறிச் செருப்புத் தோலாகியிருந்தது. அவள் நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். அவன் முகம் மாறவேயில்லை.

"அன்னைக்கும் இந்தக் கையிலதான் சூடு பாத்தியா?"

அவன் கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வருஷம்..." மாமி சுலைஹா பக்கம் திரும்பினாள். "கொள்ளிக்கை, கொள்ளிக்கைன்னு... என்ன மன்னிச்சிரு புள்ள."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மாமி. என் புள்ளையத் தொடவே பயந்துட்டேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மாமியின் மடியில் விழுந்து அழுதாள். தூக்க முடியாத அந்த வலது கையை எப்படியோ நகர்த்தி மாமி அவள் தலைமேல் வைத்தாள். நூர் முகம்மது மட்டும் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவனுக்குத்தான் தூக்கம் கெடும் என்று சுலைஹாவுக்குத் தெரிந்தது. நீங்க வேணும்னு செய்யலையே மச்சான் என்று மெல்லச் சொன்னாள்.

மதியம் அண்ணன் வந்தபோது பெட்டி காலியாகக் கிடந்தது. கிணற்றடியில் சலேஹா அரைஞாண் கயிற்றோடு மட்டும் நிற்க, சுலைஹா வாளி வெந்நீரில் மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள், முழங்கையை வைத்தாள், கன்னத்தில் தெளித்தாள். மறுபடியும் மணிக்கட்டு. பிள்ளை நடுங்க ஆரம்பித்தது.

"தண்ணி ஆறிப்போச்சு புள்ள," என்று உள்ளேயிருந்து சன்னல் வழியே பார்த்து மாமி சொன்னாள். "ஊத்து."